கற்கும்போது நரம்பு செல்கள் இறுகுமா, இளகுமா?

விலங்கியல்_டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "சினாப்ஸில் ரெண்டு நியூரானுக்கும் நடுவுல இடைவெளி இருக்குன்னு சொல்றீங்க மிஸ். அப்போ ரெண்டும் விலகிப் போகாம எது பிடிச்சு வைக்குது?" என்று கேட்டாள். பாடத்தில் நரம்புணர்வு கடத்தி இருக்கிறது, ரிசெப்டர் இருக்கிறது. பிடித்து வைப்பது எது என்று இல்லை. தேடிப் பார்த்ததில் செல் ஒட்டு மூலக்கூறுகள் என்று ஒரு பெரிய கூட்டமே இருப்பது தெரிந்தது. என்கேம், எல்1, கேடெரின், இன்டெக்ரின், நியூரெக்சின், நியூரோலிகின் என்று பெயர்கள் நீள்கின்றன.

"பாடம் மனதில் பதியப் பதிய இந்த மூலக்கூறுகள் கூடும், இரண்டு செல்லும் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், அதுதான் ஞாபகம்" என்று அவளுக்குச் சொல்லலாமா? துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

நத்தைக்கூடு:
அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் டீச்சர். துறைக்குள் இருப்பவர்களே பல காலம் கேட்காமல் விட்ட கேள்வி அது. ஆனால் "கற்றால் இறுகும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலில் நடப்பது அதற்கு நேர்மாறு. கற்க வேண்டும் என்றால் பிடி முதலில் தளர வேண்டும்.

நான் பழகிய பிராணி அப்ளீசியா, ஒரு வகைக் கடல் நத்தை, கடல் முயல் என்பார்கள். எரிக் கேண்டல் 2000-இல் நோபல் வாங்கியது இதன் நினைவாற்றலை ஆராய்ந்துதான். இதன் வாலில் திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுத்தால், பிறகு லேசாகத் தொட்டாலே செவுளை வெகுநேரம் உள்ளிழுத்துக்கொள்ளும். பயிற்சி போதுமான அளவு இருந்தால் இந்த மிரட்சி வாரக்கணக்கில் நிற்கும். அப்போது தொடுவுணர்வு நியூரான்களை எடுத்துப் பார்த்தால், அவற்றின் சினாப்ஸ் முனைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். நீண்டகால ஞாபகம் என்பது அங்கே புதுக் கிளைகளாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தக் கிளைகள் எப்படி முளைக்கின்றன? அதிர்ச்சியின்போது அந்த நியூரான் மேல் வந்து விழும் வேதிப்பொருள் செரட்டோனின். வளர்ப்புத் தட்டில் உள்ள நியூரானுக்குச் செரட்டோனின் கொடுத்து, கிரெய்க் பெய்லியும் கேண்டலும் 1992-இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். செல்லின் மேற்பரப்பில் இருந்த ஒட்டு மூலக்கூறில் தங்கத் துகள் பூட்டிய ஆன்டிபாடி ஒட்டியிருந்தது. அதனால் மூலக்கூறு எங்கே போகிறது என்று கறுப்புப் புள்ளிகளாகவே எண்ண முடிந்தது. நம் என்கேமுக்கு உறவான அந்த மூலக்கூறின் பெயர் ஏபிகேம். ஒரு மணி நேரத்தில் மேற்பரப்பில் அது சுமார் பாதியாகிவிட்டது. மிச்சம் சிறு பைகளுக்குள் உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. செல் தன் பிடியைத் தானே விழுங்கிவிட்டது.

இது ஏதோ பக்கவிளைவு அல்ல. ஏபிகேமில் மேப் கைனேஸ் என்ற நொதி பாஸ்பேட் ஏற்றும் இடங்களை மாற்றிவிட்டால், செரட்டோனின் கொடுத்தாலும் அது உள்ளே போவதில்லை. இதை 1997-இல் காட்டினார்கள். நீண்டகால ஞாபகத்துக்கு வேண்டிய அதே நொதிதான் பிடியைத் தளர்த்தவும் சொல்கிறது.

விலங்கியல்_டீச்சர்:
பாதியா! நான் நினைத்ததற்கு முற்றிலும் எதிராக இருக்கிறதே. பிடி போய்விட்டால் இருக்கிற சினாப்ஸே கழன்றுவிடாதா அண்ணா?

ஈக்கூண்டு:
டீச்சரின் இந்தக் கேள்விக்குப் பழ ஈயில் நேரடியான பதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த பிராணி அது, அதனால் உள்ளே வருகிறேன்.

பழ ஈயில் என்கேமுக்குச் சமமான மூலக்கூறு ஃபாசிக்ளின் 2. இதை அடியோடு நீக்கினால் டீச்சர் பயப்படுவதுதான் நடக்கும். ஈயின் புழுப்பருவத்தில் தசை மேல் சினாப்ஸ் உருவாகும், ஆனால் நிலைக்காது, பின்வாங்கிவிடும், புழு செத்துப்போகும். ஆனால் அளவைச் சுமார் பாதியாக மட்டும் குறைத்தால் புதிய முனைகள் முளைக்கின்றன. பெர்க்லியில் கோரி குட்மன் குழு 1996-இல் செய்த வேலை இது. அதிக மின்செயல்பாடுள்ள ஈக்களில் ஃபாசிக்ளின் 2 தானாகவே குறைந்திருக்கிறது. அந்தக் குறைவைத் தடுத்தால் முளைப்பும் நின்றுவிடுகிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் சாவு, முழுசாக இருந்தால் அசைவில்லை, நடுவில் ஓர் அளவில்தான் வளர்ச்சி.

இதில் பலரும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. அப்படிப் பிடி தளர்ந்து முனைகள் கூடினாலும் சினாப்ஸின் மொத்த வலு கூடவில்லை. முனைகள் அதிகம், ஒவ்வொன்றும் கொடுப்பது குறைவு. வலு கூட வேண்டுமானால் கிரெப் என்ற இன்னொரு புரதம் செல்லின் உட்கருவுக்குள் ஜீன்களை முடுக்க வேண்டும். ஆக ஒட்டு மூலக்கூறு இடம் மட்டும்தான் திறந்துவிடுகிறது. அங்கே எவ்வளவு சமிக்ஞை ஓட வேண்டும் என்பது வேறு வழியில் முடிவாகிறது.

கேள்வி_கேட்பவன்:
நத்தையும் ஈயும் சரி. பாலூட்டிகளுக்கு வரும்போது எனக்கு இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, என்கேம் ஜீனை நீக்கிய சுண்டெலி. 1994-இல் வந்த ஆய்வு. நீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடும் சோதனையில் அந்தச் சுண்டெலிகள் பின்தங்கின. "பார், என்கேம் இல்லாவிட்டால் கற்றல் கெடுகிறது" என்று உடனே எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அந்தச் சுண்டெலிகளுக்கு மோப்பக் குமிழே சிறுத்துப்போயிருந்தது. கருவிலிருந்தே அந்த மூலக்கூறு இல்லாமல் கட்டப்பட்ட மூளை அது. கட்டுமானக் கோளாறை நினைவுக் கோளாறு என்று எப்படிச் சொல்வது?

இரண்டு, என்கேமைத் தடுக்கும் ஆன்டிபாடியை ஊசியில் செலுத்தி, கற்றது மறக்கிறதா என்று பார்த்த சோதனைகள். ஆன்டிபாடி உருவத்தில் பெரியது. அதை மூளைக்குள் செலுத்தினால் சினாப்ஸின் குறுகிய இடைவெளியில் எதையெல்லாம் தொந்தரவு செய்யுமோ?

நத்தைக்கூடு:
இரண்டுமே நியாயமான ஆட்சேபம். அந்தக் காலத்தில் இதே கேள்வியை எங்கள் கூட்டங்களிலும் கேட்டார்கள்.

முதலாவதற்கு, வளர்ந்த பிறகு முன்மூளையின் நியூரான்களில் மட்டும் என்கேமை நீக்கிய சுண்டெலிகளைச் செய்தார்கள், 2004. மோப்பக் குமிழ், மூளை அமைப்பு எல்லாம் சரியாக இருந்தன. இருந்தும் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் சிஏ1 என்ற இடத்தில் சினாப்ஸ் வலுவாவதும் வலு குறைவதும் இரண்டுமே மங்கின. இடம் கண்டுபிடிக்கும் சோதனையில் அவை அடியோடு தோற்கவில்லை, துல்லியம்தான் குறைந்தது. முழு நீக்கத்தைவிட இது சிறிய விளைவு. ஆகவே நீங்கள் சொல்வது போல் பழைய முடிவில் ஒரு பகுதி கட்டுமானத்தின் கணக்கில்தான் போக வேண்டும். ஒரு பகுதி நிச்சயமாக அப்படி இல்லை.

இரண்டாவதற்கு, நேரத்தைப் பாருங்கள். ஸ்டீவன் ரோஸ் குழு ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. குஞ்சுக்கு எதிரில் பளபளக்கும் ஒரு சிறு பாசிமணியை நீட்டுவார்கள். குஞ்சு சும்மா இருக்காது, கொத்தும். மணியில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற கசப்புப் பொருள் தடவியிருக்கும். குஞ்சு தலையை உதறி, அலகைத் தரையில் தேய்க்கும். மறுநாள் அதே மணியைக் காட்டினால் பின்வாங்கும். ஒரே ஒரு கொத்தில் வந்த பாடம். பயிற்சி முடிந்து சுமார் ஐந்தரை மணி நேரத்தில் என்கேம் ஆன்டிபாடி செலுத்தினால் அந்தக் குஞ்சு மறுநாள் கூசாமல் மணியைக் கொத்துகிறது. டப்ளினில் சியாரன் ரீகன் குழு எலிகளில் பார்த்தபோதும் பயிற்சிக்குப் பின் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மறதி வந்தது.

ஆன்டிபாடி வெறுமனே இடைவெளியை அடைத்துத் தொந்தரவு செய்கிறது என்றால் எந்த நேரத்தில் கொடுத்தாலும் ஒரே மாதிரி கெட வேண்டும். கெடவில்லை. பாடம் முடிந்து பல மணி நேரம் கழித்து, குஞ்சு அதைப் பற்றி ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருக்கும்போது, உள்ளே ஒரு சன்னல் திறக்கிறது. அந்த வேளையில் என்கேம் தன் வேலையைச் செய்தாக வேண்டும்.

கேள்வி_கேட்பவன்:
நேரக் கணக்கு வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனால் அந்த வேளையில் என்கேமின் வேலை இறுக்குவதா தளர்த்துவதா என்று இதிலிருந்து தெரியாதே. உங்கள் மூலவாதம் தளர்த்துவது என்பதல்லவா?

நத்தைக்கூடு:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதற்குப் பாலிசயாலிக் அமிலத்துக்குப் போக வேண்டும். எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான கதை இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலூட்டிகள் என்கேமைத் தளர்த்துவதற்கு அதை விழுங்குவதோடு நிற்பதில்லை. அதன் மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலியை ஏற்றிவிடும். சயாலிக் அமிலம் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் எதிர்மின்சுமை. அது தண்ணீரை இழுத்துப் பிடித்து ஊதி நிற்கிறது, எதிரெதிர் சவ்வுகள் நெருங்க முடியாமல் போகிறது. இரண்டு செல்லிலும் என்கேம் இருக்கும், ஆனால் கைகோக்க எட்டாது. உர்ஸ் ருடிஷாசர் இதை வருடக்கணக்காக ஆராய்ந்தார்.

கருவில் இந்தச் சங்கிலி மூளை முழுக்க இருக்கும். வளர்ந்த பிறகு பெரும்பாலான இடங்களில் மறைந்துவிடும். மிச்சம் இருக்கும் இடங்களைப் பாருங்கள். ஹிப்போகாம்பஸில் புது நியூரான் பிறக்கும் ஓரம். மோப்பக் குமிழை நோக்கிப் புது செல்கள் நகர்ந்து போகும் பாதை. ஹைப்போதாலமஸில் ஆக்சிடோசின் சுரக்கும் பகுதி, பாலூட்டும் காலத்தில் செல்கள் தங்கள் அடுக்கையே மாற்றிக்கொள்ளும் இடம் அது. எங்கெல்லாம் வளர்ந்த மூளை இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தச் சங்கிலி இருக்கிறது.

இதை வெட்டி எடுக்கும் கத்தரிக்கோல் வந்த வழி இன்னும் சுவையானது. ஈ.கோலை கே1 என்ற பாக்டீரியாவும் மெனிஞ்சோகாக்கஸ் பி வகையும் அச்சு அசல் இதே சங்கிலியைத் தங்கள் மேலுறையாகப் போர்த்திக்கொள்கின்றன. நம் உடம்பு அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதால் எதிர்ப்பது கடினம். மெனிஞ்சோகாக்கஸ் பி வகைக்கு மேலுறைச் சர்க்கரையை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியாமல் புரதங்களை வைத்துச் செய்ய வேண்டிவந்ததும் இதனால்தான். கே1 பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று அந்த உறையை அறுக்க எண்டோ-என் என்ற நொதியை வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதை எடுத்து மூளையில் பயன்படுத்தினார்கள். எலி ஹிப்போகாம்பஸில் சங்கிலியை மட்டும் வெட்டினால், என்கேம் அப்படியே இருந்தும், சினாப்ஸ் வலுவாவது கெடுகிறது, இடம் கற்பதும் கெடுகிறது. 1996-இல் வந்த முடிவுகள். ஒட்டு இருக்கிறது, தளர்வு போய்விட்டது, கற்றல் போய்விட்டது.

இதற்கெல்லாம் மேலான சான்று 2005-இல் ஹானோவரில் இருந்து வந்தது. இந்தச் சங்கிலியைக் கட்டும் நொதிகள் இரண்டு. இரண்டின் ஜீனையும் நீக்கிய சுண்டெலிகளுக்கு மூளையில் நீர் கோத்துக்கொண்டது, முக்கியமான நரம்புக் கற்றைகள் உருவாகவில்லை, பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்தன. இப்போது அதே சுண்டெலிகளில் என்கேமையும் சேர்த்து நீக்கினார்கள். மூன்றாவது ஜீனும் போனால் இன்னும் மோசமாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவை பிழைத்தன. என்கேம் ஜீனை மட்டும் நீக்கிய சுண்டெலி அளவுக்குத் தேறிவிட்டன. அவற்றைக் கொன்றது சங்கிலி இல்லாத குறை அல்ல. சங்கிலி தடுக்காததால், பிடிக்கக் கூடாத இடத்திலும் நேரத்திலும் பிடித்துக்கொண்ட என்கேம்.

விலங்கியல்_டீச்சர்:
இந்தக் கடைசிச் சோதனையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதை வகுப்பில் சொல்லாமல் விடமாட்டேன்.

மருந்துக்கடை:
தளர்த்தலாம் இறுக்கலாம் என்றால் மருந்தும் வந்திருக்க வேண்டுமே? பரீட்சை சீசனில் ஞாபக சக்தி மாத்திரை கேட்டு வரும் பெற்றோருக்கு என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான்.

நத்தைக்கூடு:
கோபன்ஹேகனில் எலிசபெத் பாக் குழு என்கேமின் ஒரு சிறு துண்டைப் போல எஃப்ஜிஎல் என்ற பெப்டைடு செய்தது. அது வளர்ச்சிக் காரணி ரிசெப்டர் ஒன்றைத் தூண்டும். எலிகளில் இடம் கற்றல் மேம்பட்டது. மனிதருக்கு மூக்கு வழியாகக் கொடுத்துப் பாதுகாப்பைப் பார்க்கும் ஆரம்பகட்டச் சோதனையும் நடந்தது. அதற்குப் பிறகு கடைக்கு வந்த மருந்து எதுவும் இல்லை. ஒட்டு மூலக்கூறைச் சொல்லி யாராவது மாத்திரை விற்றால் வாங்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். மூளை முழுக்க ஒரே நேரத்தில் பிடியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன சுண்டெலிகளே போதும்.

பிரசவ_வார்டு:
மருந்து பற்றிப் பேசுவதால் எல்1 என்ற ஒட்டு மூலக்கூறு பற்றி ஒரு வரி. எல்1 ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது கெட்டால் ஆண் குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோத்தல், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருத்தல், கால் விறைப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரலாம். கர்ப்பத்தில் தாய் குடித்ததால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் மூளைக் குறைகளும் சில இதே சாயலில் இருப்பதைக் கவனித்து, மைக்கேல் சார்னஸ் குழு 1996-இல் எல்1 மேல் ஆல்கஹாலைச் சோதித்தது. போதை ஏற்றும் அளவைவிடக் குறைந்த அளவிலேயே எல்1 செல்களை ஒட்டவைப்பது தடைபட்டது. மதுவின் கெடுதலுக்கு இது ஒரு வழி மட்டும்தான். ஆனாலும் "கொஞ்சம் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும்.

சிலந்திவலை:
மிக நல்ல உரையாடல். ஆனால் இறுகல், தளர்தல் என்ற ஒரே கோட்டில் எல்லா ஒட்டு மூலக்கூறுகளையும் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. என்கேமுக்குப் பொருந்தும். நியூரெக்சின், நியூரோலிகின் ஜோடிக்குப் பொருந்தாது.

நியூரெக்சின் கிடைத்த வழியே வேறு. கருப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சு நரம்பு முனையில் எதைப் பிடிக்கிறது என்று தேடியபோது 1992-இல் தாமஸ் சூதாஃப் குழுவுக்கு அகப்பட்டது. சமிக்ஞை அனுப்பும் பக்கம் நியூரெக்சின், வாங்கும் பக்கம் நியூரோலிகின். நரம்பே அல்லாத ஒரு செல்லில் நியூரோலிகினை வைத்தால் போதும், அதைத் தொடும் நரம்பு இழை அந்த இடத்தில் சினாப்ஸ் முனையைக் கட்டத் தொடங்கிவிடும். 2000-இல் காட்டினார்கள். அப்போது எல்லோரும் "இதுதான் சினாப்ஸை உண்டாக்குவது" என்று முடிவுகட்டினார்கள்.

2006-இல் மூன்று நியூரோலிகினையும் நீக்கிய சுண்டெலிகள் வந்தன. பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் இறந்தன. ஆனால் மூளையில் சினாப்ஸ்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட வழக்கம் போலவே இருந்தது. பிடி கழன்று விழவில்லை. சினாப்ஸ் இருந்தது, ஒழுங்காக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்த ஜோடி முடிவு செய்வது எப்படிப்பட்ட சினாப்ஸ், தூண்டுவதா அடக்குவதா, எவ்வளவு வேகம் என்பதை. நியூரெக்சின் ஜீன்கள் மூன்றுதான், அவற்றை வெட்டி ஒட்டிச் செல் உருவாக்கும் வடிவங்கள் ஆயிரக்கணக்கில். வெறுமனே பிடித்துவைக்க அத்தனை வடிவம் எதற்கு?

ஈக்கூண்டு:
சிலந்திவலை சொல்வதோடு சேர்த்துப் படிக்க ஒன்று: ஈயின் டிஸ்கேம் ஜீன் ஒன்றிலிருந்தே 38,016 வடிவங்கள் வரலாம். ஒரு நியூரானின் கிளை தன் கிளையையே அடையாளம் கண்டு விலகிப்போக அது உதவுகிறது. ஒட்டு மூலக்கூறு என்று பெயர், வேலை விலக்குவது.

நத்தைக்கூடு:
உடன்படுகிறேன் சிலந்திவலை. என்கேம், ஃபாசிக்ளின் பற்றிச் சொன்னதை எல்லாக் குடும்பத்துக்கும் நீட்ட நான் விரும்பவில்லை. கேடெரினை எடுத்தால் இரண்டு குணமும் கலந்திருக்கிறது. அதன் பிடிக்குக் கால்சியம் வேண்டும். எரின் ஷூமன் குழு 1998-இல் ஹிப்போகாம்பஸ் சீவல்களில் கேடெரினைத் தடுக்கும் பெப்டைடு போட்டபோது சாதாரண சமிக்ஞைக்கு ஒன்றும் ஆகவில்லை, சினாப்ஸ் வலுவாவது மட்டும் கெட்டது. வெளியே கால்சியத்தைக் கூட்டிவைத்தால் அந்தப் பெப்டைடு பலிக்கவில்லை. தீவிரமாகச் செயல்படும் நொடிகளில் இடைவெளியில் கால்சியம் குறைகிறது, அப்போது கேடெரினின் பிடி தளர்கிறது, அந்தச் சமயத்தில்தான் பெப்டைடு நுழைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். அங்கேயும் தளர்ந்து மறுபடி பிடிப்பதுதான் முக்கியம் என்று நான் வாசிக்கிறேன்.

இரண்டு_பிள்ளைக்காரி:
இங்கே எல்லோரும் படித்தவர்களாகப் பேசுகிறீர்கள், தயக்கத்தோடு கேட்கிறேன். என் சின்னவனுக்குப் பேச்சு தாமதம், ஆட்டிசம் என்று சொல்லி மரபணுப் பரிசோதனை எடுத்தோம். ரிப்போர்ட்டில் இரண்டாம் குரோமோசோமில் நியூரெக்சின் 1 ஜீனில் ஒரு பகுதி இல்லை என்று இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர்கள் ஒன்றும் விளக்கவில்லை. அவன் கற்றுக்கொள்ளவே மாட்டான் என்று அர்த்தமா? பெரியவளுக்கும் எடுக்க வேண்டுமா?

சிலந்திவலை:
அக்கா, தயங்க வேண்டாம், இந்த உரையாடலுக்கே இதுதான் முக்கியமான கேள்வி.

அவன் கற்றுக்கொள்ள மாட்டான் என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. நியூரெக்சின் 1-இல் இழப்பு உள்ளவர்களிடம் ஆட்டிசம், கற்றல் சிரமம், வலிப்பு, பின்னாளில் ஸ்கிசோஃப்ரீனியா ஆகியவை மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் அதே இழப்போடு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். பல குடும்பங்களில் இது நலமாக இருக்கும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்கிறது. இந்த ஜீனின் இன்னொரு பிரதி அவனுக்கு முழுசாக இருக்கிறது. ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுண்டெலியில் வந்த முடிவைப் பிள்ளை மேல் பொருத்திப் பார்த்தும் பயப்படாதீர்கள். 2003-இல் ஸ்வீடன் குடும்பங்களில் ஆட்டிசத்தோடு தொடர்புள்ளதாகக் கண்ட நியூரோலிகின் 3 மாற்றத்தைச் சுண்டெலிக்குள் வைத்தபோது, ஒரு லேபில் அவை பிற சுண்டெலிகளோடு பழகுவதில் பின்தங்கின, ஆனால் இடம் கற்பதில் சாதாரணச் சுண்டெலிகளை மிஞ்சின. வேறு லேபில் அந்தப் பழகும் குறைபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஒரே மாற்றம் ஒரு திறனைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டவும் முடியும்.

பிரசவ_வார்டு:
அக்கா, பேச்சுப் பயிற்சியை ரிப்போர்ட்டுக்காக ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் மரபணு ஆலோசகருக்குப் பரிந்துரை கேளுங்கள், அது உங்கள் உரிமை. வலிப்பு மாதிரி ஏதாவது, சில நொடி வெறித்துப் பார்ப்பது, திடீர் உதறல், கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்.

இரண்டு_பிள்ளைக்காரி:
ரொம்ப நன்றி தம்பி, நன்றி சிஸ்டர். ஆலோசகரிடம் போகும்போது என்ன கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தால் எடுத்துப் போவேன்.

சிலந்திவலை:
முதலில் இதைக் கேளுங்கள்: இல்லாமல் போன பகுதி புரதத்துக்கான குறிப்பு உள்ள எக்ஸான் பகுதியா, அல்லது நடுவில் வரும் இன்ட்ரான் மட்டுமா? எக்ஸான் போனால்தான் விளைவு அதிகம். அடுத்து, பெற்றோர் இருவருக்கும் பரிசோதனை செய்து இது பரம்பரையாக வந்ததா, அவனிடம் புதிதாக ஏற்பட்டதா என்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரியவளுக்கு எடுக்க வேண்டுமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. அவள் நன்றாகப் படித்துக்கொண்டு நலமாக இருந்தால் அவசரமே இல்லை. ரிப்போர்ட்டின் முழுப் பிரதியும், குரோமோசோமில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இழப்பு என்று போட்டிருக்கும் அந்தப் பக்கமும் கையில் இருக்கட்டும்.